குளித்த கன்னமும் சீர்க் கெண்டியும்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, நேற்று நீங்கள் கெண்டிக்கு மூக்கு ஒட்டுவதை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வேகம்! நான் ஒரு மூக்கு ஒட்டுகிற நேரத்தில் நீங்கள் மூன்று ஒட்டிவிடுகிறீர்கள். நடுநடுவே சினிமாக் கதையும் பேசிக்கொள்கிறீர்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. அதனால்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். நான் பேசப் பேசப் பேத்தி எழுதிக்கொள்கிறாள். "ஆயா, சுத்தி வளைக்காத, விசயத்துக்கு வா" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். சுற்றாமல் எனக்குப் பேச வராது. சக்கரம் சுற்றுகிற வீட்டில் வாழ்ந்தவள் நான்.

மண் பிசைவதையும் சூளை அடுக்குவதையும் இங்கே உங்களுக்கு நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. நான் சொல்ல வந்தது ஒரு பொய்யைப் பற்றி. பொய் என்று சொல்லலாமா என்பதே எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்குப் பிறந்த ஊர் சிதம்பரம். கட்டிக்கொடுத்தது கடலூர், திருப்பாதிரிப்புலியூர். இரண்டு வீட்டிலும் பானை வேலைதான். நெய்வேலியில் நிலக்கரி வெட்டத் தொடங்கியிருந்த காலம் அது. அங்கே புதிதாகக் குடிவந்தவர்களிடமிருந்துகூட எங்களுக்கு ஆர்டர் வரும். தைப் பொங்கலுக்குப் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் சீர் போகும் அல்லவா? கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு பொங்கல் பானை. எங்கள் வீட்டில் அந்தப் பானைக்கு ஜோடியாக ஒரு கெண்டியும் செய்வோம். பொங்கலுக்குப் பால் ஊற்ற, மூக்கு வைத்த கெண்டி. வயிற்றில் ஒரு சூரியன், இரண்டு பக்கமும் கரும்பு, கழுத்தைச் சுற்றி மாவிலை, மூக்குக்குக் கீழே ஒரு மாடு. எல்லாம் மண்ணிலேயே உருட்டி ஒட்டுவது. சுட்ட பிறகு காவியும் சுண்ணாம்பும் தீட்டினால் புதுப்பெண் மாதிரி நிற்கும்.

சக்கரத்தில் உட்காருவது என் வீட்டுக்காரர். பூவும் மாடும் ஒட்டுவது நானும் மாமியாரும். முதல் வருஷம் நான் ஒட்டிய மாட்டை மாமியார் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னாடி, மாடா நாயா?"

"மாடுதான் அத்தை."

"அப்ப கொம்பக் கொஞ்சம் பெருசா வெச்சு உடு. சீர் வாங்குற வூட்டுல கொரைக்கப் போவுது."

அவர் வாய் அப்படி. ஆனால் அந்த மாட்டை உடைத்துப் போடவில்லை. கொம்பைப் பெரிதாக்கி அவரே உலர வைத்தார்.

இப்படி வருஷா வருஷம் எத்தனையோ அம்மாக்கள் தங்கள் பெண்களுக்கு அனுப்புகிற கெண்டியை நான் செய்தேன். எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. "பானை செய்யறவுங்க வூட்டுக்குப் பானையே சீரா?" என்று தெருவில் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கெண்டி கிடக்கட்டும், மார்கழி தையில் நான் என் அம்மா முகத்தையே பார்க்க முடியாது. நமக்கு வேலை மும்முரமே அப்போதுதான். ஊரில் உள்ள பெண்களெல்லாம் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு மாட்டு வண்டியிலும் ரயிலிலும் போவார்கள். நான் காவி படிந்த கையோடு நின்று வேடிக்கை பார்ப்பேன். அம்மாவைப் பார்ப்பது சித்திரை வெயிலில்தான், சக்கரம் ஓய்ந்த பிறகு.

கல்யாணமாகி மூன்றாவது மார்கழியில் அம்மா என் அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள்: "ஒரு திருவாதிரைக்காவது வந்துட்டுப் போவச் சொல்லு. களி கிண்டி வெக்கிறேன்."

சிதம்பரத்தில் பிறந்தவளுக்குத் திருவாதிரை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர், கூட்டம், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, வீட்டுக்கு வந்ததும் சுடச்சுடக் களி, அதற்கு ஏழு காய் போட்ட குழம்பு. அண்ணன் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து எனக்கு நாக்கில் அந்த வெல்லம்தான். தேரைக்கூட அவ்வளவு நினைக்கவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து களி கிண்டுகிற அம்மாவின் முதுகுதான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

பயந்து பயந்து மாமியாரிடம் கேட்டேன். அவர் சட்டென்று சொல்லிவிட்டார்: "போயேன். சூளைக்குத் தீ வெச்சதும் கெளம்பு. ஒன் வேல அதோட முடியுது. சூளையப் பிரிக்கறதுக்குள்ள வந்துரு."

அதுதான் பேச்சு. திருவாதிரைக்கு முந்தின நாள் காலையில் தீ வைப்பதென்று முடிவாயிற்று. அண்ணன் வந்து அழைத்துப்போவான் என்றும் ஏற்பாடு.

ஆனால் வானம் ஒத்துழைக்கவில்லை. நாலு நாள் வெயிலே இல்லை. கடலிலிருந்து ஈரக்காற்று. துவைத்த புடவையே இரண்டு நாள் கொடியில் தொங்கியது. ஐம்பது சொச்சம் கெண்டிகளை வீட்டுக்குள் பரப்பி வைத்து, அடுப்புப் பக்கம் மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவள் தொட்டிலைத் தள்ளி வைக்கிற மாதிரி.

இந்த இடத்தில் கன்னம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இங்கே கருவி இருக்கிறது. எங்களுக்குக் கன்னம்தான். காயாத பானையைத் தீயில் வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். கெண்டியில் மூக்கு ஒட்டிய இடம் தடிமனாக இருக்கும், அதுதான் கடைசியாகக் காயும். அந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்ப்போம். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். காய்ந்திருந்தால் மரக்கட்டையில் கன்னம் வைத்த மாதிரி, ஒன்றும் தெரியாது. கையால் பார்த்தால் சரிப்படாது. நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கிற கைக்கு என்ன தெரியும்?

எங்கள் வீட்டில் கன்னம் பார்ப்பது மாமியார்தான். அந்த வருஷம் அவர் சொல்லிவிட்டார்: "பொயலைய அடக்கி அடக்கி என் கன்னம் மரத்துப்போச்சுடி. இனிமே நீ பாரு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. காய்ந்தது என்று நான் சொன்னால்தான் சூளை ஏறும். வீட்டுக்காரர்கூட என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தீ வைக்கிற நாள் வந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து கிணற்றடியில் தலைக்குக் குளித்தேன். மார்கழித் தண்ணீர், பல் கிட்டியது. மஞ்சளை இழைத்து முகம் முழுக்கப் பூசினேன். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டினேன். ஈரத் தலையில் அப்படியே டிசம்பர் பூவை வைத்துக்கொண்டேன். அண்ணனும் வந்துவிட்டான். பெரிய பானைகளையெல்லாம் வீட்டுக்காரர் முன்னமே அடுக்கியிருந்தார். கெண்டி மட்டும்தான் பாக்கி.

"பாத்தியாடி?" என்றார் மாமியார்.

"தோ பாக்கறேன் அத்தை."

உள்ளே போய் ஒரு கெண்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். சில்லென்று இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை.

"காஞ்சிருச்சு அத்தை."

அவ்வளவுதான். கெண்டிகள் சூளைக்குப் போயின. மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசினார்கள். புகை விட இடம் விட்டுத் தீ வைத்தார்கள். முதலில் சின்னத் தீ, வெறும் புகைதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெரிய தீ போடுவார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன்? பறந்தேன். அண்ணன் பின்னாலிருந்து, "ரயிலு ஒன்ன உட்டுட்டுப் போவாது, மெதுவாத்தான் போயேன்" என்று கத்திக்கொண்டே வந்தான்.

பனி இன்னும் விலகவில்லை. நடைமேடையில் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் மணலைக் குவித்து அதன்மேல் ஒரு பெரிய குடிதண்ணீர்ப் பானை. பிரயாணிகள் மொண்டு குடிப்பதற்காக வைத்தது. புதுப் பானை, மேலெல்லாம் தண்ணீர் கசிந்து நனைந்திருந்தது. யார் வீட்டுப் பானை, எந்த ஊர்க்காரர் போட்ட சுழி அடையாளம் என்று குனிந்து பார்த்தேன். எங்கே பானையைக் கண்டாலும் எனக்கு அந்தப் பழக்கம். விளையாட்டுக்குக் கன்னத்தையும் அதில் வைத்தேன்.

சில்லென்று இல்லை.

தண்ணீர் நிறைந்த பானை. மார்கழிப் பனியில் விடிய விடிய இருந்த பானை. ஐஸ் மாதிரி சில்லிட வேண்டும். என் கன்னத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. முழங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இழுத்தது. மறுபடி கன்னத்தை வைத்தேன். ஒன்றும் இல்லை.

குளித்த கன்னம், மஞ்சள் ஈரம், தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், பனிக்காற்று. என் கன்னமே விறைத்துக் கிடந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு காய்ந்தது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குள் கரி எஞ்சின் புகை தெரிந்தது. வண்டி வந்து நின்றது. அண்ணன் பையை உள்ளே போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

"ஏறு, ஏறு. ஜாஸ்தி நேரம் நிக்காது."

ஒரு காலை ஏற்றிவிட்டேன். அதை மறைக்கமாட்டேன். ஒரு கால் வண்டியில், ஒரு கால் நடைமேடையில்.

"அண்ணே, கெண்டி காயலண்ணே."

"எந்தக் கெண்டி?"

"சூளையில வெச்சது. நான் தப்பா சொல்லிட்டேன். பெரிய தீ போட்டாங்கன்னா அத்தனையும் போயிரும்."

"மச்சான் இருக்காரு, பாத்துக்குவாரு. நீ ஏறு."

"அவுருக்கு எப்படித் தெரியும்? நான் காஞ்சுதுன்னு சொன்னத நம்பித்தான் அவுரு தீ வெச்சிருக்காரு."

"அம்மா வாசல்லியே நிக்கும்மா. நான் என்னான்னு போய்ச் சொல்றது?"

காலை இறக்கிக்கொண்டேன். "நீ போ. ரெண்டு பேரும் வரலன்னா அது பயந்துரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். டீக்கடை பாய், "ஏம்மா, வண்டி இந்தப் பக்கம்மா!" என்று கத்தியது காதில் விழுந்தது. பை வண்டியோடு போய்விட்டது. என் மாற்றுப் புடவை மட்டும் அந்த வருஷம் திருவாதிரைக்குச் சிதம்பரம் போயிற்று.

நான் தெருவுக்குள் நுழையும்போதே சூளையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் பெரிய தீக்காகச் சவுக்கு மிளார் விறகை அணைத்துக்கொண்டு நின்றார்.

"போடாதீங்க! தீய ஏத்தாதீங்க! கெண்டி ஈரம்!"

அவர் மிளாரைக் கீழே போட்டார். இன்னொரு 'டப்'. "அய்யய்யோ, பிரிச்சு வெளிய எடுத்துரலாம்" என்று மேல்பூச்சை உடைக்கப் பாய்ந்தார். மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்து, "வெச்ச தீய எடுக்கறது வழக்கமாடா? போறது போவட்டும், ஏத்து" என்று கத்தினார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பெண்களே, அந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் ஏதாவது செய்யத்தான் சொல்வார்கள். கை சும்மா இருக்காது. எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் பிரித்தால் சூடான கெண்டியில் பனிக்காற்று பட்டு விரிசல் விடும். தீயை ஏற்றினால் வெடிக்கும். இரண்டும் வேண்டாமென்று எனக்குப் பட்டது. "பிரிக்கவும் வேணாம், ஏத்தவும் வேணாம். பாதித் தீய வெளிய இழுத்துருங்க. புகையிலயே காயட்டும்" என்றேன்.

"எந்நேரம் வரைக்கும்?" என்றார் வீட்டுக்காரர்.

எந்நேரம் வரைக்கும்? அதைச் சொல்லக் கன்னத்தை நம்ப முடியாது. சூளைக்குள் கன்னம் வைக்கவும் முடியாது. மாமியாருடைய வெற்றிலைப் பெட்டியின் பித்தளை மூடி கண்ணில் பட்டது. அதை ஒரு கம்பில் கட்டிப் புகை வருகிற வாய்க்கு மேலே கொஞ்ச நேரம் நீட்டி எடுத்தேன். மூடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். உள்ளே ஈரம் இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி நீட்டினேன். இப்படியே பொழுது உச்சிக்குப் போய்ச் சாய்கிற வரைக்கும் அந்தச் சூளைப் பக்கத்திலேயே இருந்தேன். சாப்பாடும் இல்லை. மூடி நனையாமல் வந்த பிறகுதான், "இப்ப ஏத்துங்க" என்றேன்.

காத்திருந்த அந்த நேரத்தில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புகையிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"ஏண்டி, தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

"தெரியாமத்தான் அத்தை. சத்தியமா சில்லுன்னு இல்ல."

"எப்பவும் ஒரு கெண்டிக்கு மூணு தடவ வெப்பியே. இன்னிக்கி எத்தனை தடவ வெச்ச?"

"ஒரு தடவதான்."

"ஏன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மறுபடி வெச்சு, சில்லுன்னு இருந்துட்டா என்னா பண்றதுன்னு பயமா இருந்துச்சு அத்தை."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சூளையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஈரமா இருக்குன்னு சொல்லியிருந்தா, ஒன்ன ரயிலேத்தி உட்டுட்டு நாளன்னிக்கித் தீ வெச்சிருப்பேனேடி. கெண்டி எங்கடி ஓடப் போவுது?"

அப்போது வந்த அழுகை மாதிரி எனக்கு அப்புறம் எப்போதும் வந்ததில்லை. தீ வைத்ததும் கிளம்பு என்று அவர் சொன்னதைக் கல்லில் வெட்டிய எழுத்தாக நான் பிடித்துக்கொண்டேன். தீ வைக்காமலேயும் கிளம்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் போகச் சொல்லியிருப்பார். அந்நேரம் நான் சிதம்பரத்தில் அம்மா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

சூளையைப் பிரித்தபோது நாலு கெண்டி போயிருந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது. அந்தச் சூளையில் வந்த சிவப்பு வேறு எந்தச் சூளையிலும் வரவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மாமியார் தெருவெல்லாம் சொன்னார், "என் மருமவ புகைய வெச்சே காய வெச்சா" என்று. நான் பண்ணிய தப்பை யாரிடமும் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டி மூடி கறுத்துப்போனதற்கு மட்டும் வருஷக்கணக்கில் குத்திக்காட்டினார்.

திருவாதிரைக்கு மறுநாள் அண்ணன் வந்தான், கையில் தூக்குவாளி. அம்மா கொடுத்துவிட்ட களி.

"அம்மா என்னா சொல்லுச்சு?" என்றேன்.

"எத்தன பொழைச்சுதுன்னு கேட்டுது. தெரியாதுன்னேன். 'எறங்குனாளே, அது போதும்'னு சொல்லுச்சு. அப்புறம் தேருக்கே வரல. தல வலிக்குதுன்னு படுத்துக்கிச்சு."

தூக்கைத் திறந்தேன். களி ஆறிக் கெட்டியாகிக் கிடந்தது. மாமியார் ஒரு விரல் எடுத்து வாயில் போட்டு, "வெல்லம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். பிறகு தூக்கை என் பக்கமே தள்ளிவிட்டார். முழுவதையும் நானே தின்றேன். அப்படி ஒரு ருசி.

அதற்குப் பிறகு அம்மாவோடு எனக்கு ஒரு திருவாதிரையும் வாய்க்கவில்லை. அடுத்த வருஷம் பிள்ளை வயிற்றில். அதற்கடுத்த வருஷம் புயல். அதற்கப்புறம் அம்மா இல்லை. அவள் இருந்த வரைக்கும் சித்திரையில் போய்ப் பார்த்தேன், நன்றாகப் பேசினோம், சிரித்தோம், அதெல்லாம் உண்டு. "மார்கழி வந்தா பாக்கலாம்" என்று ஒவ்வொரு சித்திரையிலும் இரண்டு பேரும் சொல்லிக்கொள்வோம். அம்மாவும் பானைக்காரி. எனக்கு வர முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்வாள்.

பேத்தி பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதடி, இன்னும் கொஞ்சம்தான்.

பெண்களே, கெண்டி சில்லென்று இருந்தால் சில்லென்று இருக்கிறது என்று சொல்லுங்கள். ஊருக்குப் போக வேண்டுமென்றால் போக வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை மாற்றிச் சொல்லாதீர்கள். நான் மாற்றிச் சொன்னேன், இரண்டும் கெட்டது. கெண்டியையாவது ஓடிவந்து பிடித்துவிட்டேன்.

மார்கழி பிறக்கப் போகிறது. பட்டறையில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லீவு கேட்டால் கிடைக்காது என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாதீர்கள். யாருக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமோ, இன்றைக்கே வாயைத் திறந்து கேளுங்கள். உங்கள் இடத்தில் யார் உட்காருவது என்று கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள். கண் மங்கலாகிவிட்டது, மாடு ஒட்டினால் இன்னும் நாய் மாதிரிதான் வரும். கன்னம் நன்றாக இருக்கிறது. ரெண்டு நாளோ நாலு நாளோ, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மார்கழியில் எனக்குப் போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை.